வேலூர் வெயிலுக்கு எந்த நூல்? பரிசு வாங்கும் முன் ஓர் ஒப்பீடு

நூல்கண்டு வாங்கிப் பரிசளிக்கிறவர் உண்மையில் இரண்டு பேருக்குப் பரிசு தருகிறார். ஒருவர் அதை ஊசியில் ஏற்றிப் பின்னப் போகிறவர். இன்னொருவர் பின்னி முடித்ததைத் தலையிலோ தோளிலோ போட்டுக்கொள்ளப் போகிறவர். சில சமயம் இருவரும் ஒரே ஆள். பல சமயம் இல்லை. பாட்டி பின்னுவார், பேரக்குழந்தை போட்டுக்கொள்ளும். பின்னுகிற விரலுக்கு இதமான நூல் வேலூரின் கத்திரி வெயிலில் உடம்புக்கு ஒத்துவராது. உடம்புக்கு ஒத்துவரும் நூல், மூட்டு தேய்ந்த விரல்களை அரை மணி நேரத்தில் நோகடித்துவிடும். அதனால் கடையில் தொட்டுப் பார்த்து, மென்மையாக இருப்பதை எடுத்துக்கொண்டு வருவது போதாது. யார் பின்னுவார், யார் அணிவார், யார் துவைப்பார் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால் எதை வாங்குவது என்பது ஏறக்குறைய முடிவாகிவிடும்.

லாங் பஜார் பக்கம் ஃபேன்ஸி, தையல் சாமான் கடைகளில் 'உல்லன் நூல்' என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் அக்ரிலிக்தான். வர்த்தமான், ஓஸ்வால், கங்கா என்று லூதியானாவிலிருந்து வரும் கண்டுகளில் கம்பளி கலந்தவையும் உண்டு, துளிக்கூடக் கலக்காதவையும் உண்டு. லேபிளில் விகிதம் அச்சிட்டிருக்கும், அதைப் படியுங்கள். லேபிள் இல்லாத உதிரிக் கண்டாக இருந்தால் 5 செ.மீ. துண்டை இடுக்கியில் பிடித்து, கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்துக்கொண்டு கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகும். கம்பளியில் முடி கருகும் நாற்றம் வரும். மிஞ்சும் கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, நசுக்க முடியாத கறுப்பு மணியாக இறுகிவிடும்.

உடம்பில் பட்டால் என்ன ஆகும்

வெயில் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது நூல் எவ்வளவு ஈரத்தை வாங்குகிறது என்பது. ஜவுளித் துறையின் வழக்கமான அளவில், 100 கிராம் உலர்ந்த பருத்தி காற்றிலிருந்து சுமார் 8 கிராம் ஈரத்தை எடுத்துக்கொள்ளும். கம்பளி 16 கிராம் வரை எடுக்கும், மூங்கில் விஸ்கோஸ் 11 முதல் 13 வரை. அக்ரிலிக் 2 கிராமைத் தாண்டாது. வெல்வெட் நூல் என்று விற்கும் பாலியெஸ்டர் அரை கிராம்கூட எடுக்காது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் இதற்கு என்ன பொருள் என்று யோசியுங்கள். அக்ரிலிக் தொப்பிக்குள் வந்த வியர்வை போக இடமில்லாமல் தோலிலேயே நிற்கும். குழந்தையின் நெற்றியில் ரப்பர் பட்டை போட்டது போலச் சிவந்த வளையமும் அதன்மேல் வேர்க்குருவும் வருவது இதனால்தான்.

அப்படியானால் பருத்தியே போதுமே என்றால், அதற்கும் சங்கடங்கள் உண்டு. பருத்தி நூலுக்கு இழுத்தால் திரும்பி வரும் குணம் இல்லை. கழுத்து, மணிக்கட்டு, இடுப்பு ஓரங்களில் போடும் ரிப் (மேடும் பள்ளமுமாக வரி வரியாக வரும் பட்டி) நாலு தடவை போட்டதும் தளர்ந்து தொங்கும். இதைக் குறைக்க ரிப் பகுதியை இரண்டு அளவு சின்ன ஊசியில் பின்னுங்கள்: உடல் பகுதிக்கு 8 எண் ஊசி (4 மி.மீ.) என்றால் ரிப்புக்கு 10 எண் (3.25 மி.மீ.). பருத்தி கனமும் கூட. முழுக்கை ஸ்வெட்டரைப் பருத்தியில் பின்னினால் அதன் எடையே அதைக் கீழே இழுத்து, மாதத்துக்கு மாதம் நீளமாக்கும். முதல் துவையலில் கொஞ்சம் சுருங்கவும் செய்யும். அதனால் மாதிரித் துண்டு ஒன்று பின்னி, துவைத்துக் காய வைத்த பிறகே கண்ணிகளை எண்ணுங்கள்.

பருத்தியில் மெர்சரைஸ் செய்த நூல் கிடைத்தால் அதையே எடுங்கள். காஸ்டிக் சோடாவில் இழுத்துப் பதப்படுத்தியது அது. பளபளப்பும் பலமும் கூடுதல், பிசிறு எழும்புவது குறைவு, சாயமும் நன்றாகப் பிடித்திருக்கும்.

குடியாத்தத்தில் தறிக்காரர்களிடம் சிட்டம் சிட்டமாக (பெரிய வளையமாகச் சுற்றிய கட்டுகளாக) பருத்தி நூல் கிடைக்கிறதே, அதை வாங்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். வாங்கலாம், கணக்குப் போட்டுவிட்டு. தறி நூல் மிக மெல்லியது. உதாரணமாக 2/20 நூல் (20 எண் இழை இரண்டைச் சேர்த்து முறுக்கியது) 100 கிராமுக்கு ஏறக்குறைய 1,700 மீட்டர் ஓடும். நிட்டிங்கில் வழக்கமான, டிகே (டபுள் நிட்டிங்) எனப்படும் நடுத்தரத் தடிமனில் பருத்தி 100 கிராமுக்கு 210 மீட்டர். அந்தத் தடிமன் வர எட்டு இழைகளைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். முறுக்கில்லாமல் சும்மா சேர்த்த எட்டு இழையில் ஊசி முனை எப்போதும் ஒன்றிரண்டை விட்டுவிடும். அந்த விடுபட்ட இழைகள் துணியின் முகத்தில் வளையமாக நிற்கும். இரண்டு மூன்று இழை சேர்த்துக் குரோஷாவில் (கொக்கி ஊசிப் பின்னலில்) லேஸ் போட மட்டும் இந்த நூல் அருமையானது. கஞ்சி போட்ட பாவு நூலாக (தறியில் நீளவாக்கில் ஓடும் நூலாக) இருந்தால், அதைச் சிட்டமாகவே நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, அலசிக் காய வைத்த பிறகு கண்டாகச் சுற்றுங்கள். கட்டாமல் தண்ணீரில் போட்ட சிட்டத்தைப் பிரித்தெடுக்க முடியாது.

கம்பளிக்கு வேலூரில் வேலையே இல்லை என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஏலகிரி கிட்டத்தட்ட 1,100 மீட்டர் உயரம். ஜமுனாமரத்தூர் பக்கம் ஜவ்வாது மலையிலும் மார்கழி இரவுகள் நடுக்கும். அங்கே இருப்பவருக்கும், டெல்லி, ஷில்லாங் என்று வேலைக்குப் போகிறவருக்கும் மெரினோ கம்பளிக்கு ஈடான பரிசு கிடையாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கசக்கித் துவைத்தால் கம்பளி இழைகளின் செதில்கள் ஒன்றோடொன்று பிணைந்து, ஸ்வெட்டர் பாதி அளவுக்குச் சுருங்கி அட்டை போல் ஆகும். அதைத் திரும்ப விரிக்க வழியில்லை. துவைப்பவர் வாஷிங் மெஷினில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடும் வீடென்றால் 'சூப்பர்வாஷ்' என்று அச்சிட்ட கம்பளியை மட்டும் வாங்குங்கள், இல்லையென்றால் கம்பளியே வேண்டாம்.

மூங்கில் நூல் தோலுக்குக் குளிர்ச்சியாக, வழுக்கலாக இருக்கும். சால்வைக்கு நல்லது. நனைந்தால் பலம் குறைந்து நீளும் என்பதால் ஸ்வெட்டருக்கு வேண்டாம்.

சமவெளி வேலூருக்கு, பொதுவாக ஒன்றைச் சொல் என்றால் எங்கள் தேர்வு பருத்தி அதிகமாகவும் அக்ரிலிக் குறைவாகவும் கலந்த நூல். மில்க் காட்டன் என்ற பெயரில் விற்பதில் பல இந்த வகைதான். விகிதம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பருத்தி 60 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதை எடுங்கள். வியர்வை வாங்கும் அளவுக்குப் பருத்தி இருக்கிறது, ரிப் நிற்கும் அளவுக்கு அக்ரிலிக் இருக்கிறது. இதன் குறை, முறுக்கு தளர்வாக இருப்பதால் ஊசி முனை இழைகளுக்கு நடுவே புகுந்துவிடும். முனை மழுங்கலான ஊசி கொண்டு பின்னினால் அது பெரிதும் குறையும்.

பின்னுகிற கைக்கு எது இதம்

நூல் பரிசு தருவதில் உள்ள தனிச் சந்தோஷம் இங்கேதான் இருக்கிறது. புடவை வாங்கித் தந்தால் ஒரு நாள் பிரித்துப் பார்ப்பார்கள். நாலு கண்டு நூல் தந்தால் அந்த வீட்டில் பல வார மாலைகளுக்குக் கைவேலை கிடைக்கிறது. ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் நிட் (நேர்), பர்ல் (எதிர்) கண்ணிகளில் கவலை பிடித்த மனசு கொஞ்சம் இறங்கி உட்காரும். மருத்துவமனை வராண்டாவில் டோக்கன் எண்ணுக்காகக் காத்திருக்கிறவருக்கு, போனைத் தேய்த்துக்கொண்டிருப்பதைவிட 20 செ.மீ. சதுரப் பருத்தித் துண்டு பின்னுவது எவ்வளவோ மேல். ஒரு துண்டுக்கு 40 முதல் 45 கிராம் போதும். எந்த நிமிடமும் நிறுத்தலாம், கண்ணி விட்டுப்போனாலும் பெரிய நஷ்டமில்லை, முடிந்ததும் அடுப்படியில் பாத்திரம் துடைக்கவோ முகம் துடைக்கவோ உதவும்.

ஆனால் அந்த இதம் தப்பான நூலில் வராது. பருத்தி இழுபடாது என்பதால் ஒவ்வொரு கண்ணிக்கும் விரல்தான் இழுவிசையைத் தர வேண்டும். கட்டைவிரல் அடிமூட்டில் வலி உள்ள அத்தைக்கோ பாட்டிக்கோ சுத்தப் பருத்தியும் 3 மி.மீ. ஊசியும் கொடுப்பது உபகாரமில்லை. அவருக்குக் கம்பளி கலந்த நூலோ மில்க் காட்டனோ, 4.5 அல்லது 5 மி.மீ. மர ஊசியோடு கொடுங்கள். கேபிள் வைத்த சர்குலர் ஊசியானால் இன்னும் நல்லது. பின்னி முடித்த பகுதியின் எடை மடியில் இறங்கிவிடும், மணிக்கட்டில் தொங்காது. பஸ்ஸிலும் ரயிலிலும் பக்கத்தில் உட்கார்ந்தவரை இடிக்கவும் செய்யாது.

ஊசியில் இன்னொரு விஷயம். வியர்க்கும் கையில் அலுமினிய ஊசியும் அக்ரிலிக்கும் சேர்ந்தால் நூல் கீச்சிட்டு ஒட்டும், கண்ணி நகராது. கோடையில் பின்னுகிறவருக்கு மரம் அல்லது மூங்கில் ஊசி கொடுங்கள். பருத்தி நூலுக்கு உலோக ஊசி பொருந்தும், வழுவழுப்பு அங்கே உதவி. நீலகிரி எல்லநள்ளியில் உள்ள ஊசித் தொழிற்சாலையின் போனி ஊசிகள் எளிதில் கிடைப்பவை. பழைய பிரிட்டிஷ் எண் வரிசையில் எண் கூடக் கூட ஊசி மெல்லிசாகும்: 8 எண் 4 மி.மீ., 10 எண் 3.25 மி.மீ., 11 எண் 3 மி.மீ. எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் தடுமாறும், மி.மீ. அளவைப் பார்த்து வாங்குங்கள்.

புதிதாகக் கற்பவருக்கு டிகே தடிமனில், வழுவழுப்பான, வெளிர் நிற அக்ரிலிக்கோ கலவையோ போதும். கறுப்பு, கருநீலம் வேண்டாம். ராத்திரி டியூப்லைட்டில் கண்ணி தெரியாது. பொம்மைக்கென்று விற்கும் வெல்வெட் நூலைப் புதியவருக்குத் தரவே கூடாது. கண்ணி எங்கே என்று கண்ணுக்குத் தெரியாமல் விரலால் தடவித் தேட வேண்டியிருக்கும், பிரித்தால் பிசிறு கொட்டும்.

எத்தனை கண்டு

நூல் பரிசில் நடக்கும் பெரிய தப்பு, அழகான கண்டு ஒன்றே ஒன்று வாங்கித் தருவது. ஒரு கண்டில் தொப்பி, துண்டைத் தாண்டி எதுவும் முடியாது. பிறகு அதே சாயம் கிடைக்காது. லேபிளில் நிற எண்ணோடு லாட் எண் என்று தனியாக இருக்கும். நிற எண் ஒன்றாக இருந்தாலும் லாட் மாறினால், கடை வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிவது வாசல் வெளிச்சத்தில் கோடு பிரித்ததுபோல் தெரியும். வேறு வழியின்றி இரண்டு லாட் சேர்ந்துவிட்டால் இரண்டு வரிசைக்கு ஒரு முறை கண்டை மாற்றி மாற்றிப் பின்னினால் வித்தியாசம் கலைந்துவிடும்.

இன்னொன்று, நூலை எடையால் கணக்கிடாதீர்கள், மீட்டரால் கணக்கிடுங்கள். டிகே அக்ரிலிக் 100 கிராமுக்கு 280 மீட்டர் வந்தால், அதே தடிமன் பருத்தி 210 மீட்டர்தான் வரும். ஓர் அரைக்கை ஸ்வெட்டருக்கு 1,000 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்ரிலிக்கில் 100 கிராம் கண்டு நாலு போதும். பருத்தியில் ஐந்து வேண்டும். 'நாலு கண்டு' என்று டிசைனில் இருந்ததை நம்பிப் பருத்தியில் தொடங்குபவர்கள் இரண்டாவது கையின் நடுவில் நிற்பது இதனால்தான். 75 செ.மீ. சதுரக் குழந்தைப் போர்வைக்கு அக்ரிலிக்கில் 250 கிராம், பருத்தியில் 350 கிராம். எதுவானாலும் கணக்குக்கு மேல் ஒரு கண்டு சேர்த்துக் கொடுங்கள். குரோஷாவில் போடுபவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வேண்டும். துணியும் தடிப்பாக, சூடாக வரும்.

பின்னியே தருவதானால்

பச்சைக் குழந்தைக்கும், கீமோ சிகிச்சையில் முடி கொட்டியவருக்கும் தொப்பி பின்னித் தருவதுதான் வேலூரில் அதிகம் கேட்கப்படும் இரண்டு பரிசுகள். 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிகிச்சைதான் இன்று சிஎம்சி மருத்துவமனையாக வளர்ந்து, வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் காட்பாடி ரயிலடியில் ஆட்களை இறக்குகிறது. அவர்கள் இங்கே தங்கும் நாட்களுக்கு ஒரு தொப்பி, ஊர் திரும்பும் குளிருக்கு இன்னொன்று என்று நினைத்துப் பின்னுங்கள். முதலாவது மெர்சரைஸ் பருத்தி, இரண்டாவது மென்மையான அக்ரிலிக் அல்லது சூப்பர்வாஷ் மெரினோ.

கீமோ தொப்பிக்கு 4 மி.மீ. ஊசி, 10 செ.மீ.க்கு 22 கண்ணி அளவில் 112 கண்ணி. சுற்றளவு 51 செ.மீ. வரும், 55 செ.மீ. தலைக்கு நழுவாமல் நிற்கும். இரண்டு நிட் இரண்டு பர்ல் ரிப் 4 செ.மீ., பிறகு நிட் மட்டும். மொத்தம் 17 செ.மீ. உயரம் வந்ததும் வட்டத்தை எட்டுப் பங்காகப் பிரித்து, 12 நிட், 2 சேர்த்து ஒன்று என்று குறையுங்கள். அடுத்த குறைப்பில் 11, பிறகு 10. முதல் ஆறு குறைப்புகளில் ஒவ்வொன்றுக்கும் பின் ஒரு சாதாரண வட்டம் விடுங்கள். அதற்குப் பின் ஒவ்வொரு வட்டத்திலும் குறைக்கலாம். 8 கண்ணி மிஞ்சும்போது நூலை உள்ளே ஓட்டி இறுக்குங்கள். 60 கிராம் வரை பிடிக்கும். உள்பக்கம் தையல் வரவே கூடாது. முடியில்லாத தலையில் ஒரு முடிச்சுகூடக் கல் குத்துவது போல் குத்தும். பருத்தியில் முடிச்சு நழுவவும் செய்யும். நூல் நுனியை ஒரு திசையில் 5 செ.மீ. கோத்து, திரும்பி எதிர்த்திசையில் கோத்து வெட்டுங்கள். நோய் எதிர்ப்புக் குறைந்த உடம்பு என்பதால் துவைத்து, நன்றாக உலர்த்தி, மூடிய பையில் வையுங்கள். வார்டு நர்ஸிடம் கேட்ட பிறகு கொடுங்கள்.

பச்சைக் குழந்தைத் தொப்பி இதே முறையில் 72 கண்ணி: சுற்றளவு 33 செ.மீ.க்குச் சற்றுக் குறையும். ரிப் 3 செ.மீ., மொத்தம் 10 செ.மீ. ஆனதும் 7 நிட், 2 சேர்த்து ஒன்று என்று குறைக்கத் தொடங்குங்கள். 20 கிராம் போதும். 40 செ.மீ. சர்குலர் ஊசியில் இவ்வளவு சின்ன வட்டம் சுற்றாது. இரு முனையும் கூரான ஐந்து ஊசி செட்டோ, 80 செ.மீ. சர்குலர் ஊசியில் கேபிளை வளைத்து இழுக்கும் முறையோ வேண்டும். கழுத்தில் கட்டும் நாடா, பொத்தான், மணி எதுவும் வைக்காதீர்கள். கையுறையின் உள்ளே நீளமாக ஓடும் இழை இருக்கக் கூடாது; விரலைச் சுற்றி இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். எடை குறைவாகப் பிறந்த குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும்போது தொப்பி அவசியம். வீட்டுக்கு வந்து நன்றாகத் தேறிய குழந்தைக்குக் கோடையில், வீட்டுக்குள் தூங்கும்போது தொப்பி வேண்டாம், எந்த நூலானாலும்.

கம்பளியை எடுத்து வைக்கும்போது அந்துப்பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போடுகிறார்கள். குழந்தைத் துணியில் அது கூடவே கூடாது. ஜி6பிடி என்ற நொதியின் பிறவிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்துருண்டையில் உள்ள நாஃப்தலீன் பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள் காமாலை வரலாம். துவைத்து உலர்த்தி, ஜிப் பையில் காற்றில்லாமல் மூடினாலே பூச்சி அண்டாது.

அடுப்படிக்குப் பிடித்துணி பின்னினால் பருத்தி மட்டுமே. சூடான தோசைக்கல்லில் அக்ரிலிக் உருகித் தோலோடு ஒட்டும்.

துவைப்பவருக்கு ஒரு சீட்டு

வேலூர் போர் தண்ணீரின் உப்பில் பருத்திப் பின்னல் சீக்கிரம் விறைக்கும். சோப்புக் கட்டியைத் தேய்த்தால் அது உப்போடு சேர்ந்து படிவாகும். திரவ டிடர்ஜென்ட் போடச் சொல்லுங்கள், கடைசி அலசலில் ஒரு பக்கெட்டுக்கு 2 மேசைக்கரண்டி வினிகர். கொடியில் தொங்கவிட்டால் தண்ணீரின் கனத்தில் நீண்டுவிடும். கயிற்றுக் கட்டிலில் துண்டு விரித்து நிழலில் பரப்பினால் அதே நாளில் காயும். அக்ரிலிக்கை இஸ்திரி வண்டிக்குப் போகும் துணி மூட்டையில் கலக்கவிடாதீர்கள். கரிப்பெட்டியின் சூடு ஒரே தடவை பட்டால் ரிப்பின் மேடுகள் படுத்துவிடும்; துவள் துணியாகிப்போன பின் எத்தனை தடவை நனைத்தாலும் எழும்பாது.

இவ்வளவையும் நாலு வரியில் ஒரு சீட்டில் எழுதி, அதே லாட் நூலில் 10 கிராமைச் சின்னக் கண்டாகச் சுற்றி, லேபிளோடு சேர்த்துப் பரிசுப் பைக்குள் போடுங்கள். முழங்கை தேய்ந்தாலும் நுனி அவிழ்ந்தாலும் ஒட்டுப் போட நூல் தேடி அலைய வேண்டியிருக்காது.